திரைக்குப் பின்னே விழுந்த இருபது

சனிக்கிழமை இரவுகளில் நான் என்ன செய்வேன் என்று நேயர்கள் சிலர் கேட்பதுண்டு. வானொலியில் இருப்பவள் என்றால் கச்சேரி, விருந்து, கலைநிகழ்ச்சி என்று சுற்றிக்கொண்டிருப்பேன் என்பது அவர்கள் எண்ணம். உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள். கிள்ளானில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து, நள்ளிரவு வரை பூதங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருப்போம்.

மேசைமேல் இருப்பவை சில தாள்கள், பென்சில்கள், ஒரு தட்டு முறுக்கு, கை நிறையப் பகடைகள். கணினி கிடையாது. கைப்பேசிகள் எல்லாம் அம்மாவின் தையல் டப்பாவுக்குள் போய்விடும். ஆட்டத்தின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் வெளியிட்டார்கள். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் தொடக்கத்தில் நான்கு சிறுவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கத்திக்கொண்டு ஆடுவார்களே, அதே ஆட்டம்தான்.

ஆளுக்கொரு பாத்திரம். எங்கள் மேசையில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையான தோழி ஒரு மந்திரவாதி. கணக்காளர் நண்பர் வாள்வீரன். மருந்தகத்தில் வேலை செய்யும் தோழி வைத்தியம் தெரிந்த துறவி. இரண்டாம் படிவத்தில் படிக்கும் என் அக்கா மகன் ஒரு திருடன்; பெயர் நிழலன். ஐந்தாவது ஆள் மட்டும் பாத்திரம் ஏற்பதில்லை, மிச்ச உலகம் முழுவதையும் ஏற்கிறார். காடு, கடைத்தெரு, காவலாளி, ராட்சதன் எல்லாம் அவர் வாயால்தான் பேசும். அவரைக் கேம் மாஸ்டர் என்பார்கள். 'நடத்துநர்' என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். "அப்படின்னா டிக்கெட் கிழிச்சுக் குடுங்க" என்று கிண்டல் செய்தார்கள். கேம் மாஸ்டர் என்றே இருக்கட்டும். குரல் மாற்றிப் பேச வரும் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

முதல் நாள் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒரு கேள்வி கேட்டார். "ஆளாளுக்கு வாயில வந்ததச் சொல்றீங்க. அது நடந்துச்சா இல்லையான்னு யாரு முடிவு பண்றது?"

இந்த வாரம் நான் எழுத நினைத்தது அம்மாவின் அந்தக் கேள்வியைப் பற்றித்தான். அதற்குச் சரியான பதில் எனக்கே சில மாதங்களுக்கு முன்தான் தெரிந்தது. அதுவும் ஒரு பொய் சொல்லிப் பிடிபட்ட பிறகு.

பூட்டும் பகடையும்

"நிழலன் அந்தப் பெட்டியோட பூட்டைத் திறக்கிறான்" என்கிறான் அக்கா மகன். திறந்துவிட்டதாக அவன் சொல்ல முடியாது. முயல்கிறான், அவ்வளவுதான். அந்தப் பூட்டு எவ்வளவு கடினம் என்று நான் ஓர் எண் வைத்திருப்பேன். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதி நூல் இதற்கு ஓர் ஏணியே கொடுத்திருக்கிறது. எளிதான காரியத்துக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20, ஏறக்குறைய முடியாததற்கு 30.

இந்தப் பூட்டு 15 என்று வையுங்கள். பையன் இருபது பக்கம் உள்ள பகடையை உருட்டுகிறான். நிழலனுக்குக் கைவேகமும் பயிற்சியும் உண்டு என்பதால் விழுந்த எண்ணோடு 5 கூட்டிக்கொள்ளலாம். ஆக, பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் பூட்டு திறக்கும். இருபது பக்கங்களில் பதினொன்று அவன் பக்கம். நூற்றுக்கு 55.

அப்போது துறவி தோழி, "நான் விளக்கைப் பிடிச்சுக்கிட்டு, பெட்டி ஆடாமப் பிடிக்கிறேன்" என்கிறாள். நல்ல யோசனை என்று எனக்குப் பட்டால், இரண்டு பகடைகளை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். வாய்ப்பு நூற்றுக்கு 80 ஆகிவிடும். மாறாக, இருட்டு, மழை, கை நடுக்கம் என்றால் இரண்டில் சிறிய எண்தான் கணக்கு. வாய்ப்பு 30க்கு இறங்கிவிடும். பகடை அதேதான், பூட்டும் அதேதான். மேசையில் இருப்பவர்கள் என்ன சொன்னார்கள், அதை நான் எப்படி எடை போட்டேன் என்பதில்தான் 30க்கும் 80க்கும் உள்ள தூரம் இருக்கிறது.

எங்கள் குடும்பத்துக்குப் பகடை புதிதல்ல. போன ஆண்டு தவறிப்போன அப்பா, தோட்டத்தில் வளர்ந்தவர். லயத்து வாசலில் சாக்குக்கட்டியால் கட்டம் போட்டு ஆடிய தாயத்தை எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பித்தளைக் கட்டைகள், ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். விழக்கூடிய பதினாறு விதங்களில் தாயத்துக்கு இரண்டுதான். எட்டுக்கு ஒன்று. அக்காவும் நானும் காய் இறக்க முடியாமல் அழுதிருக்கிறோம். அப்பா விட்டுக்கொடுத்ததே இல்லை. "கட்டை பொய் சொல்லாதும்மா" என்பார்.

தாயத்துக்கும் எங்கள் சனிக்கிழமை ஆட்டத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தாயத்தில் விழுந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது முன்பே முடிவானது. ஐந்து என்றால் ஐந்து கட்டம். இங்கே அந்தப் பொருளை ஒவ்வொரு முறையும் கேம் மாஸ்டர்தான் சொல்ல வேண்டும்.

எப்போது உருட்டுவது?

புதிதாகக் கேம் மாஸ்டர் ஆகிறவர்கள் எல்லாவற்றுக்கும் பகடையை உருட்டச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். படியேறினால் உருட்டு, கடைக்காரரிடம் விலை கேட்டால் உருட்டு. ஒரு மாவீரன் கோழிக் கூண்டைத் திறக்க மூன்று முறை தோற்றான். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்; ஆனால் கதை அங்கேயே படுத்துவிட்டது.

பிறகு கற்றுக்கொண்டேன். பகடையைத் தொடுவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இது தோற்கக்கூடிய காரியமா? தோற்றால் ஏதாவது மாறுமா? பூட்டாத கதவைத் திறக்கப் பகடை வேண்டாம், திறந்துவிடும். அரசரிடம் போய் மகுடத்தைக் கேட்டால் அதற்கும் பகடை வேண்டாம், கிடைக்காது. இருபது விழுந்தால் எதுவும் நடக்கும் என்று பலர் நம்புகிறார்கள். நான் சொன்ன விதி நூலில் அப்படி இல்லை. தாக்குதலில் மட்டும் 20 விழுந்தால் அடி கட்டாயம் படும், 1 விழுந்தால் கட்டாயம் தவறும். பூட்டுத் திறப்பது, சுவர் ஏறுவது, பேசிச் சம்மதிக்க வைப்பது இவற்றுக்கெல்லாம் அந்த விதி கிடையாது.

சில நேரம் பேச்சே போதும். ஒருமுறை கோட்டைக் காவலாளியிடம் ஆசிரியைத் தோழி, தன் மந்திரவாதியின் வாயால், அரைமணி நேரம் பேசினாள். அவன் சம்பளம், அவன் பிள்ளை, அவனை மதிக்காத மேலதிகாரி எல்லாம் வந்தன. பள்ளிக்கூடத்தில் எத்தனை பெற்றோரிடம் பேசிப் பழகியிருப்பாள்! பகடையை எடுக்கப் போனவளை நான் தடுத்தேன். கதவு திறந்தது.

உருட்டிய பிறகும் வேலை முடிவதில்லை. தோற்றுவிட்டால் என்ன நடக்கிறது? "பூட்டு திறக்கல" என்று சொன்னால், "மறுபடியும் போடுறேன்" என்பான் பையன். இது முடிவே இல்லாத சங்கதி. தோல்வி எதையாவது மாற்ற வேண்டும். பூட்டு திறக்கவில்லை, ஆனால் கம்பி உடைந்த சத்தம் கேட்டு மேல்மாடியில் யாரோ எழுந்துவிட்டார்கள். இப்போது என்ன செய்யப் போகிறீர்கள்?

இதையே விதியாக மாற்றிய ஆட்டங்களும் உண்டு. மெக்வே பேக்கரும் வின்சென்ட் பேக்கரும் 2010இல் கொண்டுவந்த 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' ஆட்டத்தில் சாதாரண ஆறு பக்கப் பகடை இரண்டு போதும். கூட்டுத்தொகை 10க்கு மேல் போனாலோ 10 ஆனாலோ நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை என்றால் நடக்கும், ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டும். 6ம் அதற்குக் கீழும் வந்தால் கேம் மாஸ்டர் கை ஓங்கும். கூட்டல் எதுவும் இல்லாதவருக்கு முப்பத்தாறு விதங்களில் ஆறுதான் முழு வெற்றி. பதினைந்து விதங்களில் விலையோடு வரும் வெற்றி. கதைக்குச் சுவை கூட்டுவது அந்தப் பதினைந்துதான் என்று அடித்துச் சொல்வேன்.

ஒரு பழைய வழக்கு

பகடை சொல்வதைக் கேட்பதா, மேசைக்குத் தலைமை தாங்குபவர் சொல்வதைக் கேட்பதா என்ற இந்த வழக்கு இன்று நேற்று வந்ததல்ல. 1824இல் பிரஷ்ய நாட்டு ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், அதிகாரிகளுக்குப் போர்ப் பயிற்சி தரும் ஓர் ஆட்டத்துக்கு விதிநூல் வெளியிட்டார். 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்று அதற்குப் பெயர். ஜெர்மன் மொழியில் போர் விளையாட்டு என்று பொருள். இரு தரப்பும் தங்கள் கட்டளைகளை நடுவரிடம் எழுதிக் கொடுக்கும். வரைபடத்தில் படைகளை நகர்த்துவது நடுவர். எத்தனை பேர் மடிந்தார்கள் என்பதைச் சொல்வது பகடையும் அட்டவணையும்.

அரை நூற்றாண்டு கழித்து, 1876இல், வெர்டி து வெர்னுவா என்ற இன்னொரு பிரஷ்ய அதிகாரி ஒரு சிறு நூல் எழுதினார். பகடையும் வேண்டாம், அட்டவணையும் வேண்டாம். போரைக் கண்ணால் பார்த்த நடுவர் தன் அனுபவத்தை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் போதும் என்பது அவர் கட்சி. ஆட்டம் விரைவாகப் போகும் என்பது அதில் உள்ள நன்மை. நடுவரை நம்ப முடியுமா என்பதுதான் சிக்கல்.

அந்தப் போர் விளையாட்டு மரபு அமெரிக்காவுக்கும் போனது. 1960களின் இறுதியில் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர், ஒரு கற்பனை ஜெர்மன் ஊரை வைத்து நடத்திய ஆட்டத்தில், ஆளுக்குப் படைக்குப் பதிலாக ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்தார். அங்கே ஆடியவர்களில் ஒருவர்தான் டேவ் ஆர்னசன். ராணுவ நடுவரின் நாற்காலி இப்படித்தான் கைமாறிக் கைமாறி, ஜெனரல் யாருமே இல்லாத எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது.

ஏழு என்று சொன்னேன்

கேம் மாஸ்டர் முன்னால் மடித்து நிறுத்திய அட்டைத் திரை ஒன்று இருக்கும். வரைபடம், எதிரிகளின் பலம், இனி வரப்போகும் ஆபத்து எல்லாம் அதன் பின்னால். எதிரிகளுக்காக நான் உருட்டும் பகடையும் அப்போது அங்கேதான் விழும்.

அன்றிரவு ஒரு ராட்சதன் குகைக்குள் அவர்களை வளைத்துவிட்டான். நிழலனின் முழு உயிர்ப்புள்ளி 17. ஏற்கெனவே அடிபட்டு 5தான் மிச்சம். ராட்சதன் கதாயுதத்தை அவன்மேல் ஓங்கினான். நான் திரைக்குப் பின்னால் உருட்டினேன்.

இருபது.

இருபது விழுந்தால் அடியைக் கணக்கிடும் பகடைகள் இரட்டிப்பாகும். இரண்டு எட்டுப் பக்கப் பகடைகள் நான்காயின. கூட்டினேன், 19. ராட்சதனின் பலம் 4. மொத்தம் 23. சாதாரணமாக உயிர்ப்புள்ளி தீர்ந்து விழுந்தவருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. தன் முறை வரும்போதெல்லாம் இருபது பக்கப் பகடையை உருட்டலாம். 10க்குக் குறையாமல் மூன்று முறை விழுந்தால் உயிர் நிற்கும். அதற்குள் மூன்று முறை தவறினால் போய்விடும். யாருமே கைகொடுக்காவிட்டாலும் பத்துப் பேரில் ஆறு பேர் பிழைத்துவிடுவார்கள். ஆனால் புள்ளி தீர்ந்த பிறகும் மிஞ்சும் அடி, முழு உயிர்ப்புள்ளி அளவுக்கு இருந்தால் அந்த வாய்ப்பும் கிடையாது. இருபத்து மூன்றில் ஐந்து போனால் பதினெட்டு. நிழலனின் முழு உயிரே பதினேழுதான். அந்த இடத்திலேயே முடிந்தது.

நிமிர்ந்து பையனைப் பார்த்தேன். பென்சிலைக் கடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு மாதமாக வளர்த்த பாத்திரம். தாத்தா போன பிறகு அவன் அதிகம் பேசியதெல்லாம் இந்த மேசையில், நிழலனின் வாயால்தான்.

"ஏழு" என்றேன். "ராட்சதனுக்கு ஆறு கூட்டினா பதிமூணு. உன் கவசம் பதினாலு. மயிரிழையில தப்பிச்சுட்ட."

எல்லாரும் கைதட்டினார்கள். மணி பன்னிரண்டாகிவிட்டதால் சண்டையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கலைந்தோம். நல்ல காரியம் செய்த நிறைவோடு படுத்தேன்.

அடுத்த வாரம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். மூன்றாவது சுற்றில் நிழலனின் கத்தி ராட்சதனின் கழுத்தில் இறங்கியது. எவ்வளவு அடி என்று பையன் கூட்டிச் சொன்னான். ராட்சதன் சாய்ந்தான் என்றேன். மற்ற மூவரும் எழுந்து குதித்தார்கள். அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

"நிஜமாவே செத்துச்சா சித்தி? இல்ல நீங்க சாக விட்டீங்களா?"

"என்னடா இப்படிக் கேக்குற?"

"போன வாரம் இருபது விழுந்துச்சு. உங்க பின்னாடி அலமாரிக் கண்ணாடியில தெரிஞ்சுச்சு."

யாரும் பேசவில்லை. அவன் தாளை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான். "தாத்தா விஷயத்திலயும் எல்லாரும் இப்படித்தான் பண்ணீங்க."

அப்பா மருத்துவமனையில் இருந்தபோது பையனுக்குப் பள்ளிச் சோதனை நேரம். "தாத்தா நல்லாயிருக்கார், அடுத்த வாரம் வீட்டுக்கு வந்துருவார்" என்று நாங்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தோம். சோதனை முடிந்து அவனை அழைத்துப்போனபோது தாத்தாவுக்குப் பேச்சு நின்றிருந்தது. அவன்மேல் இருந்த அன்பினால்தான் மறைத்தோம். நானும் அன்பினால்தான் ஏழு என்று சொன்னேன்.

விதி என் பக்கம், ஆனால்

என்னை நியாயப்படுத்தப் புத்தகத்தில் இடம் உண்டு. கைகாக்ஸ் 1979இல் எழுதிய வழிகாட்டி நூலிலேயே, பகடை சொல்வதை மீறும் உரிமை கேம் மாஸ்டருக்கு உண்டு என்று சொல்லியிருக்கிறார். 2014 வழிகாட்டியும், திரைக்குப் பின் உருட்டினால் தேவைப்படும்போது முடிவை மாற்றிக்கொள்ளலாம் என்கிறது. உலகம் முழுவதும் எத்தனையோ மேசைகளில் இது நடக்கிறது. இதைத் தவறே இல்லை என்பவர்களும் உண்டு. கதை நன்றாக இருக்கத்தானே நடுவர் இருக்கிறார் என்பது அவர்கள் வாதம்.

நானும் அந்த வாதத்தைப் பல நாள் மனத்தில் போட்டுப் பார்த்தேன். கடைசியில் எனக்குப் பட்டது இதுதான். நிழலனைக் காப்பாற்ற எனக்கு அதிகாரம் இருந்தது. அதை நான் தவறான இடத்தில் எடுத்தேன்.

அந்த ராட்சதனைக் குகைக்குள் வைத்தது நான். அவன் யாரை அடிக்கப் போகிறான் என்று முடிவு செய்தது நான். அடிக்காமல் அவனைப் பேச வைத்திருக்கலாம். பையனைத் தூக்கிக் கூண்டில் போட வைத்திருக்கலாம். கூரை இடிந்து விழுவதாகச் சொல்லி எல்லாரையும் ஓட வைத்திருக்கலாம். இத்தனைக்கும் எனக்கு உரிமை உண்டு, பகடையைக் கையில் எடுக்கும்வரை. எடுத்து உருட்டினேன் என்றால், "இதற்குமேல் எனக்கும் தெரியாது, வாருங்கள் சேர்ந்து பார்ப்போம்" என்று மேசைக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று பொருள். ஏழு என்று நான் சொன்னபோது மீறியது அந்த வாக்கை.

அதற்குப் பிறகு அவன் பெற்ற வெற்றியும் அவனுடையதாக இல்லாமல் போய்விட்டது. எட்டு மாதத்தில் அவன் திறந்த பூட்டுகள், தாண்டிய சுவர்கள் எல்லாவற்றின்மேலும் சந்தேகம் விழுந்தது. சின்ன வயதில் தாயத்தில் அப்பாவை முதன்முதலாகத் தோற்கடித்த நாளில், நான் பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாம் ஓடிச் சொன்னேன். அப்பா ஒருமுறையாவது விட்டுக்கொடுத்திருந்தால் அப்படி ஓடியிருக்க மாட்டேன்.

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' முதல் பகுதியில் இன்னொரு காட்சியும் வரும். வில் என்ற சிறுவன் உருட்டிய பகடை கீழே தெறித்துவிடும். கேம் மாஸ்டரான நண்பனுக்கு எண் தெரியாது. வீட்டுக்குப் புறப்படும்போது, தனக்கு விழுந்தது ஏழு, தான் தோற்றுவிட்டதாக வில்லே அவனிடம் சொல்லிவிட்டுப் போவான். அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இருந்த நேர்மை முப்பது வயதைத் தாண்டிய எனக்கு இல்லாமல் போனது.

மேசையில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். இனி என்ன செய்யலாம் என்றும் கேட்டேன். இப்படியே தொடரலாம் என்றார் கணக்காளர். பையன்தான் தலையாட்டி மறுத்தான்.

"இருபதுன்னா இருபதுதான்."

ஆட்டத்தைப் பின்னோக்கிக் கொண்டுபோனோம். நிழலன் இறந்தான். குகை வாசலில் மற்ற மூவரும் அவனைப் புதைத்து, ஆளுக்கொரு வார்த்தை சொன்னார்கள். பூட்டுத் திறக்கும் கம்பியைப் பையன் கல்லறைமேல் வைத்தான். கூடத்தில் தொடர்நாடகம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா சத்தத்தைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். அன்று ஆட்டம் முடிந்ததும் பையன் அம்மாவிடம் போய், தாத்தாவுக்குக் கடைசி நாட்களில் என்னதான் ஆனது என்று கேட்டான். அம்மா எல்லாவற்றையும் சொன்னார். நான் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு, குழாயைச் சத்தமில்லாமல் திறந்து வைத்துக் கேட்டேன்.

இப்போது எங்கள் மேசையில்

அன்றிலிருந்து பகடை எல்லாமே மேசையின் நடுவில், எவர்சில்வர் தட்டில்தான் விழும். கணீர் என்று சத்தம் வரும். யாரும் எதையும் மறைக்க முடியாது. உருட்டுவதற்கு முன் கடின எண்ணைச் சொல்லிவிடுவேன். தோற்றால் என்ன போகும் என்பதையும் சொல்லிவிடுவேன். திரையைத் தூக்கி எறியவில்லை. வரைபடத்துக்கு அது வேண்டும். சுவருக்குப் பின்னால் பொறி இருக்கிறதா என்று தேடுவது போன்ற, விழுந்த எண்ணைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும் காரியங்களுக்கு மட்டும் மறைத்து உருட்டுவேன். மறைக்கப் போகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான்.

உங்கள் வீட்டில் இதை முயன்று பார்க்க நினைத்தால் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஆட்டத்தின் அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இருபது பக்கப் பகடை கையில் இல்லாவிட்டால் 1 முதல் 20 வரை சீட்டு எழுதி, டம்ளரில் போட்டுக் குலுக்கி எடுங்கள். எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகளில் ஒருவர் கேம் மாஸ்டராக இருந்து, அப்பாவும் அம்மாவும் அவர்கள் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டு ஆடுவது இன்னும் நன்றாக இருக்கும்.

அக்கா மகனுக்கு இப்போது புதிய பாத்திரம், நிழலனின் தங்கை. போன சனிக்கிழமை அவள் உடைந்த பாலத்தின் முன் நின்றாள். தாண்ட வேண்டும். "பதினஞ்சு வேணும்" என்றேன். "உனக்கு ரெண்டு கூட்டல். தவறினா ஆத்துல விழுவ. மூட்டை முடிச்செல்லாம் போயிரும்."

"பின்வாங்கலாமா சித்தி?"

"இப்போ வாங்கலாம். போட்டப்புறம் முடியாது."

கொஞ்ச நேரம் யோசித்தான். உருட்டினான். தட்டு கணீரென்றது. ஐந்து பேரும் குனிந்து பார்த்தோம்.

மூன்று.

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் முறுக்கை ஒரு கடி கடித்துவிட்டு நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டான்.

"சரி, விழுந்தாச்சு. தண்ணிக்குள்ள என்ன இருக்கு, சொல்லுங்க."